109-ஆம் சங்கீதத்தில் வாய் கட்டிப்போகும் இடம்

கேள்வி:

ஐயர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 47 வயது. கணவர் கர்த்தருக்குள் போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். எங்கள் சபையில், என்னோடு பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிற ஒருத்தி, மூத்த மகளின் காலேஜ் ஃபீஸுக்கு என்று அழுது கேட்டாள். என் நகையை பாங்கில் அடகு வைத்து 3 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தேன். புரோநோட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிவிட்டது. நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது நான். கேட்கப் போனால், "கந்துவட்டிக்காரி வாசலுக்கு வந்துட்டா" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். இப்போது சபையில் பாதிப் பேர் அதை நம்புகிறார்கள். அவளோ ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் போய்த் திருவிருந்து எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஒருநாள் அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வரவேண்டும் என்று போய், தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "மடப்புரத்தில் போய்க் காசு வெட்டிப் போடு, காளி கேட்பாள்" என்கிறார்கள். நான் போகவில்லை. ஆனால் தினமும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, 109-ஆம் சங்கீதத்தை 6 முதல் 20 வரை அவள் பேரைப் போட்டுப் படிக்கிறேன். அவளுடைய சின்னப் பெண் என் ஓய்வுநாள் பள்ளி வகுப்பில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பிச்சையெடுக்கட்டும் என்கிற பத்தாம் வசனத்துக்கு வரும்போது மட்டும் வாய் கட்டிப்போகிறது. இப்படி ஜெபிப்பது பாவமா? இல்லை, எனக்கு விசுவாசம் குறைவா? கர்த்தர் எனக்கு நியாயம் செய்வாரா?

பெயர் வேண்டாம், திருமங்கலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாவமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பேர் சொல்லி, தேதி சொல்லி, தொகை சொல்லிக் கர்த்தரிடம் முறையிடுவது பாவம் இல்லை. "கிறிஸ்தவர்கள் மன்னித்துவிட வேண்டும், அதையெல்லாம் பேசக்கூடாது" என்று யாராவது உங்கள் வாயை அடைத்திருந்தால், அவர்கள் வேதத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். 150 சங்கீதங்களில் எத்தனையோ சங்கீதம் வயிறு எரிந்து பாடியவைதான். எதிரிகளின் வாயிலுள்ள பற்களைத் தகர்த்துப்போடும் என்று தாவீது 58-ல் கேட்கிறார். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களின் 137-ஆம் சங்கீதத்தில் கடைசி வசனத்தைச் சபையில் உரக்க வாசிக்க எனக்கே நா எழும்பாது. பவுல்கூட, தனக்கு வெகு தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரின் பேரைத் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் எழுதி, அவன் செய்கைக்குத் தக்கதைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார். இவையெல்லாம் வேதத்தில் அப்படியே இருக்கின்றன. கோபத்தை மென்று விழுங்கிவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்து ஜெபி என்று கர்த்தர் உங்களிடம் கேட்கவில்லை.

109-ஐ நீங்கள் படிக்கிற விதத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 6-ல் ஆரம்பித்து 20-ல் நிறுத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முதல் வசனத்திலிருந்து 31 வரை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் ஐந்து வசனத்திலும் எதிரிகள் பலர். கபட வாய், கள்ள நாவு, அன்புக்குப் பதில் பகை என்று உங்கள் கதையே அங்கே இருக்கிறது. அதற்கு நடுவில், "நானோ ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்கிறார். ஆறாம் வசனத்தில் திடீரென்று பன்மை போய் "அவன்" என்று ஒருமை வந்துவிடுகிறது. சாபமெல்லாம் 19 வரை அந்த ஒருமையில்தான். இதனால், அவை தாவீது இட்ட சாபங்களே அல்ல, எதிரிகள் தன்மேல் போட்ட சாபங்களை அவர் கர்த்தரிடம் சொல்லிக் காட்டுகிறார் என்று படிக்கிற வேத அறிஞர்கள் உண்டு. இல்லை, தாவீது சொன்னதுதான் என்பவர்களும் உண்டு. அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் பேதுரு 8-ஆம் வசனத்தை யூதாசுக்குப் பொருத்திப் பேசுகிறாரே, அதை வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தாவீது மனசு கொதித்துச் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கவில்லை. 28-ல் "அவர்கள் சபித்தாலும், நீர் ஆசீர்வதியும்" என்று வந்துவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 6-ல், எதிரியின் வலதுபக்கத்தில் சாத்தான் நிற்கட்டும் என்று வருகிறது. சாத்தான் என்ற எபிரெயச் சொல்லுக்கு எதிராளி, குற்றம் சாட்டுகிறவன் என்று அர்த்தம். நியாய ஸ்தலத்தில் அவன் நிற்கிற இடம் அது. கடைசி வசனமாகிய 31-ல் அதே வலதுபக்கம் மறுபடியும் வருகிறது. இந்தத் தடவை எளியவனுடைய வலதுபக்கத்தில் கர்த்தரே வந்து நிற்கிறார். எதிரிக்கு என்ன ஆயிற்று, அவன் உத்தியோகம் போயிற்றா, பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்களா என்று சங்கீதம் சொல்லவே இல்லை. ஏழைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு முடிந்துபோகிறது. நீங்கள் 20-ல் வேதத்தை மூடிவிடுவதால், அந்த இடத்துக்கு ஒரு ராத்திரிகூட வந்து சேரவில்லை.

மடப்புரத்துக்குப் போகச் சொன்ன அக்கா மேல் வருத்தப்படாதீர்கள். உங்கள் கண்ணீரைப் பார்க்கச் சகிக்காமல், தனக்குத் தெரிந்த பெரிய இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகக் காசில்லாமல், போலீஸ் ஸ்டேஷன் படியேறப் பயந்து, திருப்புவனம் பஸ் ஏறிப் போய் அங்கே முறையிட்ட ஜனங்கள் நம் பக்கத்தில் கொஞ்சமா? அவர்கள் வலியை இளக்காரமாகப் பேச எனக்கு மனசில்லை. உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அதே பதினைந்து வசனத்தை, அதே மூன்று மணிக்கு, கடன் வாங்கியவர் பேரைப் போட்டுத் தினமும் சொன்னால் பலிக்கும் என்று நினைத்துப் படிக்கும்போது, நீங்களும் வசனத்தைக் காசாக்கி வெட்டித்தான் போடுகிறீர்கள். தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் கர்த்தரிடம் நீட்டுகிறீர்கள். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற ரோமர் 12:19 நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதே வசனத்தில் "கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்று இருப்பது அவ்வளவாக யார் நினைவிலும் நிற்பதில்லை. பஸ்ஸில் வயதானவர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறோமே, அந்த இடம் கொடுத்தல்தான். நியாயாதிபதியின் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் அதில் உட்கார்ந்திருந்தால் அவர் எங்கே உட்காருவார்?

எங்கள் தாத்தா மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். கிறிஸ்தவராகாத சொந்தக்காரர்கள் எங்களுக்கு நிறைய. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி முன்னால் கொடுக்கல் வாங்கல் தகராறெல்லாம் சத்தியத்தில் முடிந்த கதைகளை அவர் சொல்வார். சாத்திய கதவு, சந்தனம் பூசிய கதவு. அதற்கு முன்னால் நிற்கிறவன், "நான் பொய் சொன்னால் என்னைக் கேள்" என்று தன் தலையையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும். அதற்குப் பயந்து, படி வரைக்கும் வந்துவிட்டு, கடனை ஒப்புக்கொண்டு திரும்பிய ஆட்கள் உண்டு என்பார். வேதத்தில் இதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஜெபம் 7-ஆம் சங்கீதம். பென்யமீனியனாகிய கூஷ் என்பவனுடைய வார்த்தைகளினிமித்தம் தாவீது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. தாவீதைக் குத்தியது ஒரு மனுஷன் பேசிய பேச்சு. உங்களை "கந்துவட்டிக்காரி" என்று சொன்னது எப்படிக் குத்தியதோ, அப்படி. அவர் என்ன ஜெபிக்கிறார் பாருங்கள்: என் கையில் அநியாயம் இருந்தால், என்னோடு சமாதானமாய் இருந்தவனுக்கு நான் தீமை செய்திருந்தால், பகைஞன் என்னைத் துரத்திப் பிடித்துத் தரையில் போட்டு மிதிக்கட்டும். இதைச் சொன்ன பிறகுதான் கர்த்தாவே எழுந்தருளும், எனக்கு நியாயம் செய்யும் என்று கேட்கிறார்.

109-ஐக் கொஞ்ச நாள் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். அந்த இடம் வரும்போது நிறுத்தி, உங்கள் பக்கத்தையும் பாருங்கள். வட்டி வாங்கவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கோபத்தில் அந்தச் சகோதரி வீட்டு விஷயத்தை நாலு பேரிடம் சொன்னீர்களா? அவர் கணவரைப் பற்றி, மூத்த மகளைப் பற்றி? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை இங்கே வெளியிடவில்லை. அதைக் கர்த்தரிடம் சொல்லிவிடுங்கள். அதனால் உங்கள் வழக்கு ஒன்றும் பலம் குறைந்துபோகாது. 3 லட்சத்து 40 ஆயிரம் அப்போதும் 3 லட்சத்து 40 ஆயிரம்தான்.

அப்புறம் அந்தப் பத்தாம் வசனம். உங்கள் வாய் கட்டிப்போனதற்கு விசுவாசக் குறைவு என்று பேர் வைக்காதீர்கள், சகோதரி. வாரா வாரம் உங்கள் முன்னால் பாயில் உட்கார்ந்து வசனம் சொல்கிற பிள்ளையின் முகம் குறுக்கே வந்து நின்றிருக்கிறது. அதை நிறுத்தியது கர்த்தர்தான் என்று நான் முழு மனசோடு நம்புகிறேன். தகப்பன் செய்த அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ல் அவரே சொல்லியிருக்கிறார். கணவனை அநியாயமாகக் கொன்ற நம் மதுரையை எரித்த கண்ணகிகூட, முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்றுதான் தீயிடம் சொன்னாள். அவ்வளவு கொதித்த நெஞ்சிலும் குழந்தைக்கு ஒரு இடம் இருந்திருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே ஸ்டிக்கரை அதற்கும் கொடுங்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊழியத்துக்கு வந்த நாலாம் வருஷம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் இருந்தேன். கோயில் கூரை மாற்ற ஜனங்கள் கொடுத்த காணிக்கையில் நான் கை வைத்துவிட்டேன் என்று மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. எழுத்தைப் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, கமிட்டியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். விசாரித்து, கணக்கு சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நானும் 109 படித்தேன். எனக்குப் பத்தாம் வசனத்தில் வாய் கட்டவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கையும் பேச்சும் போய்விட்டது. செய்தி வந்தபோது எனக்குள் முதலில் எழும்பியது சந்தோஷம். அரை நிமிஷம்கூட இருந்திருக்காது. அதற்குப் பின்னால் வந்த பயம் இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி எவர்சில்வர் டம்ளரில் கஞ்சியை வைத்துக்கொண்டு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பாதி வாயோரத்தில் வழிந்தது. அந்த அம்மா துண்டால் துடைப்பதும் ஊட்டுவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. குற்ற உணர்ச்சியா, ஐயரைப் பார்த்த ஆறுதலா, நான் கேட்கவும் இல்லை, அவரால் சொல்லவும் முடியாது. ரொம்ப நாளாகச் சர்க்கரையும் பிரஷரும் இருந்து, மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் விட்டிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். அது என் ஜெபத்துக்கு வந்த பதில் என்று நான் ஒருநாளும் பிரசங்கம் பண்ணியதில்லை, பண்ணவும் மாட்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அந்தச் சகோதரி வீட்டில் நாளைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அதில் உங்களுக்கு ஏதோ பதில் இருக்கிறதா என்று மனசு தேடும். தேட விடாதீர்கள்.

கர்த்தர் நியாயம் செய்வாரா என்று கேட்டீர்கள். செய்வார். எப்போது, நம் கண் பார்க்கவா என்று எனக்குச் சொல்ல அதிகாரம் இல்லை. ஆண்டவர் பாடுபட்டபோது பதிலுக்கு வையாமல், "நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்" என்று பேதுரு எழுதுகிறார். ஒப்புவித்தார் என்றால் கையை விட்டுவிட்டார். தீர்ப்பு எப்படி வரவேண்டும் என்று அதோடு சீட்டு எழுதி அனுப்பவில்லை.

ஆனால் ஒப்புவிப்பது என்றால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. லூக்கா 18-ல் வருகிறவளும் உங்களைப் போல ஒரு விதவைதான். அவள் நியாயாதிபதியிடம் விடாமல் நடந்து நடந்து கேட்டாள். எனக்கும் என் எதிராளிக்கும் நடுவில் நியாயம் செய்யும் என்பதுதான் அவள் கேட்டது. எதிராளியின் கை முறியட்டும் என்று கேட்கவில்லை.

முதலில் சபை வழி. மத்தேயு 18-ல் சொல்லியிருக்கிறபடி நீங்கள் தனியாகப் போய்க் கேட்டுவிட்டீர்கள். அடுத்தது இரண்டு மூன்று பேரோடு போவது. உங்கள் ஐயரையும், இரண்டு பக்கமும் சாராத ஒரு மூப்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டையும், நகைக்கடன் ரசீதையும், நீங்கள் கட்டிய வட்டிக்கான பாங்க் சீட்டுகளையும் அவர்கள் முன்னால் வையுங்கள். கந்துவட்டிப் பேச்சுக்கு அதைவிடப் பதில் வேண்டாம். திருவிருந்து விஷயத்தை அந்த ஐயரிடம் விட்டுவிடுங்கள். தன்மேல் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற கட்டளை கடன்பட்டவருக்கு. நீங்கள் உங்கள் பங்கை எடுக்காமல் வீட்டில் உட்காராதீர்கள்.

"விசுவாசி மேல் விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா" என்று யாராவது 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். அதே அதிகாரத்தில், உங்களுக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகிகூட இல்லையா என்று பவுல் சபையைத்தான் வெட்கப்படுத்துகிறார். சபை தீர்த்து வைத்தால் நல்லது. வைக்காவிட்டால், "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமச் சக்கரவர்த்தியிடம் நியாயம் கேட்டவரும் அதே பவுல்தான். கர்த்தருடைய நியாயம் ஒரு முன்சீப் கோர்ட் வழியாக வந்தால் அது குறைந்த நியாயம் ஆகிவிடாது.

இதில் நீங்கள் தாமதிக்கக்கூடாது. கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. உங்களுக்கு இருப்பது நாலு மாதம். அதற்குள் அவர் ஒரு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்னால் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கணக்கு வரும். கொடுக்காவிட்டால் கெடுவுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். சபைப் பேச்சு இழுத்துக்கொண்டே போய், கெடு முடிந்துவிடக்கூடாது. அதற்கு ஒரு மாதம் கொடுங்கள், போதும். வக்கீலுக்கு எங்கே போவது என்று பயப்படாதீர்கள். 1987-ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலும் தருவார்கள், கோர்ட் கட்டணமும் பார்த்துக்கொள்வார்கள். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரித்தால் அந்த அலுவலகத்தைக் காட்டுவார்கள், 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம்.

மூன்று மணி ஜெபத்தை நிறுத்துங்கள். மாதக்கணக்காகத் தூக்கம் இல்லாத உடம்பு எதையும் சரியாக யோசிக்காது. அப்போதும் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு ஜெபியுங்கள். எசேக்கியா ராஜா, அசீரியர் அனுப்பிய மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் என்று 2 இராஜாக்கள் 19-ல் இருக்கிறது. நீங்களும் அந்த நோட்டை எடுத்து, ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் அவர் போட்ட கையெழுத்து தெரியும்படி, வேதத்துக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். பேர், தொகை, தேதி எல்லாம் அதிலேயே இருக்கிறது. நீங்கள் வாயால் சேர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, இது உம்முடைய வழக்கு. என்னையும் சோதித்துப் பாரும்" என்று மட்டும் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

பிறகு நோட்டை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஐயரோடு போகும்போதும், சட்ட உதவிக்குப் போகும்போதும் ஜெராக்ஸைக் காட்டினால் போதும். வழக்குத் தாக்கல் செய்கிற நாள் வரைக்கும் ஒரிஜினலை யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.